கடையின் பெயரில் ஒரு கடித விலாசம்

பழைய மண்டிகளின் லெட்டர்பேடுகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். உச்சியில் பிள்ளையார் சுழி, நடுவில் கடையின் பெயர், இடது ஓரத்தில் டெலிபோன் எண், வலது ஓரத்தில் "தந்தி" என்று போட்டு ஒரே ஒரு சொல். தந்தி ஆபீசில் அந்தச் சொல்லைப் பதிவு செய்து ஆண்டுக் கட்டணம் கட்டி வந்தால், அந்தச் சொல்லும் ஊர்ப் பெயரும் போதும். விருதுநகரில் அடித்த தந்தி நேராக நம் கல்லாப் பெட்டிக்கு வந்துவிடும். கணக்குப்பிள்ளை மாறினாலும் கடை அடுத்த தெருவுக்குப் போனாலும் அந்தச் சொல் மாறாது. அது கடையின் சொத்து. 2013 ஜூலையோடு தந்திச் சேவையே நின்றுபோனது. லெட்டர்பேடுகளில் அந்த ஓரமும் காலியானது.

இன்று அந்த ஓரத்தில் ஈ-மெயில் என்று அச்சடிக்கிறோம். என்ன அச்சடித்திருக்கிறோம் என்று வணிகப் பெருமக்கள் தங்கள் பில் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். பெரும்பாலும் மூத்த மகனின் பெயரும் அவன் பிறந்த வருஷமும் சேர்ந்த ஓர் இலவச விலாசமாக இருக்கும். சில கடைகளில் அதுவும் ஆடிட்டர் ஆபீசில் யாரோ ஒரு பையன் திறந்து கொடுத்தது. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

திருவெள்ளறையில் நமது மண்டியில் நாங்களே ஒரு மெயில் சர்வர் வைத்து, வெளியூர்க் கடிதங்களை நேராகக் கடைக்கே வரவழைத்துப் பார்த்தோம். அதைக் கேள்விப்பட்ட சங்க நண்பர்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறோம். எங்கள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆகவே கம்ப்யூட்டர்காரர்கள் பேசுகிற மாதிரி எழுத வராது. மண்டிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத முயல்கிறோம்.

இதில் நமக்கென்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தில் 169ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. நோட்டீசையும் உத்தரவையும் எந்தெந்த வழியில் அனுப்பினால் செல்லும் என்று சொல்லும் பிரிவு அது. நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், இணையதளத்தில் ஏற்றலாம் என்ற வரிசையில், பதிவின்போது வியாபாரி கொடுத்த ஈ-மெயில் விலாசத்துக்கு அனுப்பலாம் என்பதும் இருக்கிறது. பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்கும் ரெக்-17 நோட்டீசுக்குப் பதில் சொல்லக் கெடு 7 வேலை நாள். உத்தரவின்மேல் அப்பீல் செய்வதற்கு 3 மாதம். கடிதம் எவர் பெட்டியில் விழுந்ததோ அவர் திறந்து பார்த்தாரா என்று காத்திருக்காமல் நாள் ஓடத் தொடங்கும்.

துறையூர் சாலையில் ஒரு மளிகைக் கடைக்காரர். பெயர் வேண்டாம். அவருடைய பதிவில் இருந்த விலாசம், கணக்கு எழுத வந்துகொண்டிருந்த ஒருவருடைய சொந்த விலாசம். அந்த மனிதர் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டார். நோட்டீஸ் அங்கே போய் விழுந்தது. நம்மவருக்கு விஷயம் தெரிந்தது எப்போது என்றால், பருப்பு கொள்முதல் செய்த இடத்தில் "உங்கள் நம்பர் ரத்து என்று காட்டுகிறதே அண்ணாச்சி, பில் போட முடியவில்லை" என்று சொன்னபோதுதான். பதிவை உயிர்ப்பிக்க விட்டுப்போன ரிட்டர்ன்கள் அத்தனையும் தாமதக் கட்டணத்தோடு போட்டு அலைந்தார். தீபாவளிச் சரக்கு எடுக்கும் சமயம் வேறு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஈ-மெயில் நாம் நினைப்பதைவிடப் பழையது. விலாசத்தின் நடுவில் @ என்ற குறியை வைத்து ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டியவர் அமெரிக்காவின் ரே டாம்லின்சன், வருஷம் 1971. கடிதம் கொடுக்கும் சர்வரும் வாங்கும் சர்வரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதிமுறை, எஸ்.எம்.டி.பி. என்பது, 1982ல் வந்தது. இன்றும் அடிப்படை அதுவேதான். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் தொடங்கினார்கள். தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். வியாபார நிறுவனத்துக்கு 25,000 ரூபாய். அப்போது இந்தத் தொகைக்கு எத்தனை மூட்டை அரிசி வாங்கியிருக்கலாம் என்று மண்ணச்சநல்லூர்க்காரர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அந்த நாளில் சிறிய ஆபீசுகள் கடிதத்தைத் தங்கள் இடத்துக்கே வரவழைக்கவில்லை. கடிதம் பெரிய கம்ப்யூட்டரில் தங்கும். இவர்கள் டெலிபோன் வழியாகத் தொடர்பு போட்டு, இருப்பதை எடுத்துக்கொண்டு, தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். போஸ்ட் ஆபீசில் பாக்ஸ் நம்பர் எடுத்துவைத்துப் பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்கிற மாதிரி. கடிதம் நம் வாசலுக்கே வந்து கதவைத் தட்ட வேண்டுமானால், நம் இடத்தில் இரவு பகல் விழித்திருக்கும் ஒரு சர்வரும் எப்போதும் துண்டிக்கப்படாத இணைப்பும் வேண்டும். இன்று இந்த இரண்டும் கிராமத்துக்கும் வந்துவிட்டன.

கடிதம் வரும் வழியை லாரி ஆபீஸ் கணக்கில் சொல்கிறோம். குண்டூர் மிளகாய் மண்டிக்காரர் நமது கடையின் பெயருக்கு ஒரு கடிதம் போடுகிறார். அவருடைய சர்வர் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, டி.என்.எஸ். என்ற உலகப் பொதுப் பதிவேட்டில் ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை யார் இறக்கிக்கொள்கிறார்? அதற்குப் பதில் சொல்லும் வரிக்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். அதில் ஒரு சர்வரின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். இரண்டு மூன்று சர்வர்கள் எழுதியிருந்தால் சிறிய எண் உள்ளதற்கு முதல் மரியாதை. பிறகு அந்த சர்வரின் ஐ.பி. எண்ணைத் தேடி, அந்த எண்ணில் 25ஆம் வாசலைத் தட்டும்.

கதவு திறந்ததும் நடக்கும் பேச்சு நமக்குப் பிடித்துப்போனது. நம் மண்டிப் பேச்சு மாதிரியே இருக்கிறது. வந்தவர் தன் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறார். நம்மவர் "250" என்கிறார். சரி என்று அர்த்தம். யாரிடமிருந்து என்று அவர் சொல்ல, மறுபடி 250. யாருக்கு என்று சொன்னதும் நம்மவர் தன் பேரேட்டைப் பார்க்கிறார். அப்படி ஒருவர் இருந்தால் 250. இல்லையென்றால் 550, ஆள் இல்லை, சரக்கைத் திருப்பு. பிறகு கடிதம் முழுவதும் இறங்குகிறது. கடைசி வரியில் ஒற்றைப் புள்ளி. நம்மவர் கடைசியாக ஒரு 250 சொல்கிறார் பாருங்கள், அதுதான் லாரி ரசீதில் போடும் கையெழுத்து. அதுவரை பொறுப்பு அனுப்பியவருடையது. அதற்குப்பின் கடிதம் தொலைந்தால் நம்முடையது.

இனி, எங்கள் மண்டியில் நடந்தது.

முதல் வேலை பெயர் வாங்குவது. டாட் இன் என்று முடியும் பெயர்கள் 2005 முதல் யாரும் எளிதாகப் பதிவு செய்யக் கிடைக்கின்றன. ஒரு வருஷக் கட்டணம் 26 கிலோ பொன்னி அரிசிச் சிப்பம் ஒன்றின் விலைக்குள் அடங்கும். இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பதிவு, கடையின் பெயரிலும் பங்குதாரரின் மொபைல் நம்பரிலும் இருக்க வேண்டும். வெப்சைட் போட்டுத் தருகிறவர் "நானே வாங்கிவிடுகிறேன் சார்" என்று தன் பெயரில் வாங்கிவிடுவார். பிற்பாடு அவரோடு மனஸ்தாபம் வந்தால் கடையின் விலாசம் அவர் கையில். கடை வாடகை ஒப்பந்தத்தைப் பெயின்டர் பெயரில் எழுதுவோமா?

இரண்டாவது, சர்வர். பில் போட்டு ஓய்ந்துபோன பழைய கம்ப்யூட்டர் ஒன்று பருப்பு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. தூசி தட்டி, தம்பி மகன் அதில் டெபியன் என்ற இலவச லினக்ஸை ஏற்றினான். கடிதம் வாங்குவதற்கு போஸ்ட்ஃபிக்ஸ். வியட்சா வெனிமா என்பவர் எழுதி 1998ல் வெளியிட்டது. வந்த கடிதத்தைப் பிரித்து அவரவர் போனிலும் கம்ப்யூட்டரிலும் காட்டுவதற்கு டவ்காட். இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை. பெரிய பெரிய நிறுவனங்கள் இவற்றைத்தான் ஓட்டுகின்றன என்று பையன் சொன்னபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு விசாரித்ததில் உண்மை என்று தெரிந்தது.

அன்று மாலையே மண்டிக்குள் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் கடிதம் போயிற்று, வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வெளியிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. சர்வர் வைக்கிற அநேகம் பேர் நிற்கும் இடம் இதுதான். உள்ளுக்குள் எல்லாம் ஓடும், வெளிக்கடிதம் மட்டும் எட்டிப் பார்க்காது. ஏனென்றால் வெளியிலிருந்து உள்ளே வரும் பாதையில் ஐந்து பூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாகத் திறக்க வேண்டும். நான்கைத் திறந்து ஒன்றை விட்டாலும் பலன் ஒன்றுதான்.

முதல் பூட்டு இணைப்புத் தரும் நிறுவனத்திடம். வீட்டு இணைப்புகள் பலவற்றில் நமக்கென்று தனி ஐ.பி. எண் கிடையாது. ஒரே வெளி எண்ணைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. தெருவுக்கே ஒரு டெலிபோன் இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர் குறிப்பாக நம் கடையைக் கூப்பிட முடியாது. எங்களுக்கு இணைப்பு கொடுத்தவர்களிடம் இதைக் கேட்டால், "மெயில் எல்லாம் நன்றாகப் போகுமே சார்" என்றே மூன்று பேர் மூன்று தடவை சொன்னார்கள். போவதைப் பற்றி யார் கேட்டது? வருவதைப் பற்றியல்லவா கேட்டோம்! கடைசியில் வியாபாரத் திட்டத்துக்கு மாறி, மாறாத ஐ.பி. எண் ஒன்றை மாதம் சற்றுக் கூடுதல் கட்டணத்தில் வாங்கினோம். 25ஆம் வாசலையும் திறந்துவிடும்படி எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. குப்பைக் கடிதம் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து அதை அடைத்து வைத்திருப்பது பல நிறுவனங்களின் வழக்கம்.

இரண்டாவது பூட்டு நம் இடத்து ரவுட்டரில். வெளியிலிருந்து 25ஆம் வாசலுக்கு வருகிறவரை உள்ளே எந்த சர்வரிடம் அனுப்புவது என்று அதில் எழுதி வைக்க வேண்டும். காவல்காரனிடம் "லோடு வந்தால் பின்கட்டுக்கு அனுப்பு" என்று சொல்லி வைப்பது போல.

மூன்றாவது பூட்டு போஸ்ட்ஃபிக்ஸிலேயே. சில வகை லினக்ஸில் அது தன் இடத்துப் பேச்சை மட்டும் கேட்கும்படி அமைத்தே வருகிறது, பாதுகாப்புக்காக. எல்லாப் பக்கமும் காது கொடு என்று ஒரு வரி மாற்ற வேண்டும். நான்காவது, நம் பெயர் நம்முடையது என்பதை அதற்குச் சொல்லி வைப்பது. சொல்லாவிட்டால், வெளியிலிருந்து நமக்கே வந்த கடிதத்தை "இது யாருக்கோ போக வேண்டியது, நான் இடைத்தரகன் வேலை பார்ப்பதில்லை" என்று 554 சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். கடிதம் எழுதியவருக்குக் கோபம் வரும். நமக்கோ ஒன்றும் தெரியாது.

ஐந்தாவது எம்.எக்ஸ். பதிவு. பெயர் வாங்கிய இடத்தில் தாமாகவே ஏதோ ஒரு எம்.எக்ஸ். போட்டு வைத்திருப்பார்கள், கடிதமெல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கும். அதை நம் சர்வரின் பெயருக்கு மாற்ற வேண்டும். எம்.எக்ஸ். வரியில் வெறும் எண் எழுதக் கூடாது, சர்வருக்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. மாற்றிய உடனே உலகம் முழுக்கத் தெரிந்துவிடாது. பழைய பதிலை மனத்தில் வைத்திருக்கும் சர்வர்கள் சில மணி நேரம் பழைய இடத்துக்கே போகும்.

சோதித்துப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைக்குள் இருந்துகொண்டு சோதித்தால் உண்மை தெரியாது. சில ரவுட்டர்கள் உள்ளிருந்து தன் வெளி எண்ணையே தட்டினால் திறக்காது; வெளியார்க்கு நன்றாகத் திறக்கும். சில சமயம் நேர்மாறாகவும் ஆகும். மொபைலில் கடை வைஃபையை அணைத்துவிட்டு, போனின் சொந்த டேட்டாவிலிருந்து கடிதம் போட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் உள்ள சம்பந்தி வீட்டாரையும் போடச் சொன்னோம். அவர்கள் போட்ட முதல் கடிதத்தில் இருந்தது கொள்ளு என்ன விலை என்ற கேள்விதான்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆடிக் காற்றில் நம் பக்கம் கரண்ட் நிற்பது புதிதல்ல. இதற்கு விதி எழுதியவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். வாசல் திறக்கவில்லை என்றால் அனுப்பியவரின் சர்வர் கடிதத்தைத் தூக்கி எறியாது. தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும். குறைந்தது 4, 5 நாளாவது முயல வேண்டும் என்பது விதிமுறை சொல்லும் யோசனை. ஒரு நாள் கரண்ட் இல்லாவிட்டால் கடிதம் தாமதமாகும், தொலையாது. ஆனால் கம்ப்யூட்டரின் டிஸ்க் பழுதானால் அதில் இருந்த பழைய கடிதமெல்லாம் போய்விடும். ஆகவே தினமும் இரவு ஒரு நகல் வேறொரு டிஸ்க்கில், வாரம் ஒரு நகல் வீட்டில். பேரேட்டைக் கடையிலேயே வைத்து ஒரே தீயில் இழந்தவர்கள் கதை நம் தலைமுறைக்குத் தெரியும்.

வாசல் திறந்ததும் நல்லவர்கள் மட்டுமா வருவார்கள்? முதல் நாளிலிருந்தே யார் யாரோ வந்து தட்டினார்கள். அட்மின், இன்ஃபோ, டெஸ்ட் என்று வாயில் வந்த பெயரையெல்லாம் சொல்லி, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்தார்கள். அத்தனையும் ஆளில்லாத புரோகிராம்கள். பல தடவை தப்பாகச் சொன்னவனைச் சில மணி நேரம் வாசலிலேயே நிறுத்தி வைக்கும் ஒரு சிறிய ஏற்பாடு உண்டு, அதைப் போட்டோம். குப்பைக் கடிதம் வடிகட்டவும் இலவசச் சல்லடைகள் உண்டு. இவற்றையெல்லாம்விட முக்கியம், நம் சர்வர் பிறருக்காகக் கடிதம் கடத்தும் திறந்த வீடாக இருந்துவிடக் கூடாது. அப்படி இருந்தால் ஒரே ராத்திரியில் உலகத்துக் குப்பையெல்லாம் நம் வழியாகப் போய், நம் எண் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

நம் ஊர்ப் பெருமாள் கோயிலில் உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு உண்டு. ஆறு மாதம் இது திறந்தால் அது அடைத்திருக்கும். சர்வரில் வெளியார் கடிதம் கொடுக்கும் வாசல் 25. நம்மவர் பாஸ்வேர்டு சொல்லிக் கடிதம் அனுப்பும் வாசல் 587. இரண்டும் வருஷம் பூராவும் திறந்திருக்க வேண்டும். ஆனால் 587ல் அடையாளம் சொல்லாதவனுக்கு அனுமதி இல்லை.

வாங்குவது இப்படியென்றால், அனுப்புவது இன்னும் சிரமம். வாங்குவதற்கு நம் வாசல் சரியாக இருந்தால் போதும். அனுப்பும்போது எதிராளி நம்மை நம்ப வேண்டுமே! நம் ஐ.பி. எண்ணைத் திருப்பிக் கேட்டால் நம் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவை இணைப்புத் தரும் நிறுவனம்தான் போட முடியும். எந்த சர்வர் நம் பெயரில் அனுப்ப உரிமை உள்ளது என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவும், கடிதத்தின்மேல் முத்திரை குத்தும் டி.கே.ஐ.எம். முறையும் வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறார்கள். எங்கள் பதில்கள் முதலில் பலருடைய குப்பைத் தொட்டியில் போய் விழுந்தன. ஆகவே அனுப்புவதை மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு கடத்தும் ஒரு நிறுவனத்தின் வழியாகப் போகச் செய்தோம். வருவது நேராக மண்டிக்கு.

பெட்டிகளை நான்காகப் பிரித்தோம். ஆர்டர், கணக்கு, வரி, பங்குதாரர். திருவெள்ளறையில் மாற்பிடுகு பெருங்கிணறு என்று பல்லவர் காலத்துக் கிணறு ஒன்று இருக்கிறது. ஸ்வஸ்திகம் போன்ற அமைப்பு, நான்கு பக்கம் படித்துறை, ஒரு துறையில் இறங்குகிறவர் மற்றத் துறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது, தண்ணீர் ஒன்றுதான். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெட்டி ஏற்பாட்டை விளக்கவே தேவையில்லாமல் போயிற்று. விலாசத்தில் யாருடைய சொந்தப் பெயரும் இல்லை என்பது முக்கியம். கணக்குப் பார்க்கும் பெண் கல்யாணமாகிக் கரூர் போனபோது பாஸ்வேர்டை மட்டும் மாற்றினோம். வெளியூர்க்காரர் ஒருவருக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது எல்லோரும் கேட்க நினைக்கும் கேள்வி. ஒவ்வொரு மளிகைக் கடைக்காரரும் சர்வர் வைக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பத்துப் பேர் வேலை பார்க்கும் மொத்தக் கடை, வீட்டில் இதில் ஈடுபாடுள்ள ஒரு பிள்ளை, மாறாத எண்ணுள்ள இணைப்பு, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வைக்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அதைப் பார்க்க ஆள் வேண்டும். பார்க்காமல் விட்ட சர்வர் திறந்து போட்ட கடை. இரண்டு மூன்று பேர் உள்ள கடை, பெயரை மட்டும் தன் பேரில் வாங்கிக்கொண்டு, பெட்டியை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். எம்.எக்ஸ். பதிவில் அந்த நிறுவனத்தின் சர்வரை எழுதினால் ஆயிற்று. நம் தமிழ்நாட்டில் வளர்ந்த சோஹோ உட்பட இந்தச் சேவை தருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். வாடகை ஏறினாலோ சேவை பிடிக்கவில்லையென்றாலோ எம்.எக்ஸ். வரியை மாற்றி வேறு இடம் போய்விடலாம். விலாசம் அப்படியே இருக்கும்.

அரசாங்கமே இதைச் செய்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேருடைய ஈ-மெயில், தேசிய தகவலியல் மையத்தின் ஏற்பாட்டிலிருந்து சோஹோவின் ஏற்பாட்டுக்கு மாறியதாக 2025ல் செய்தி வந்ததை வாசகர்கள் படித்திருப்பீர்கள். பெட்டி இருக்கும் இடம் மாறியது. @ குறிக்குப் பின்னால் உள்ள அரசின் பெயர் மாறவில்லை. ஊழியர் எவரும் புதிய விலாசம் அச்சடிக்கவில்லை. இலவச விலாசத்தில் இருக்கும் நமக்கு இந்த வசதி கிடையாது. அந்த நிறுவனம் ஏதோ காரணத்துக்காக ஒரு நாள் கதவைச் சாத்தினால், 20 வருஷ வியாபாரத் தொடர்பும் அத்தோடு நிற்கும். முறையிட ஓர் ஆபீஸ் கூட நம் ஊரில் இராது.

பணம் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். சரக்கு அனுப்புகிற மில்லின் பெயரில் "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று கடிதம் வருவது இன்று நாடு முழுக்க நடக்கும் மோசடி. பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும்; அவசரத்தில் கண்ணில் படாது. சர்வர் எத்தனை நன்றாக இருந்தாலும் இதைத் தடுக்காது. கணக்கு எண் மாற்றம் என்று எந்தக் கடிதம் வந்தாலும், அந்தக் கடிதத்தில் உள்ள நம்பரை விட்டுவிட்டு நம் டைரியில் உள்ள பழைய நம்பரில் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புவது என்று மண்டியில் வைத்திருக்கிறோம். அனுப்பித் தொலைத்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

புதிய விலாசம் ஓடத் தொடங்கி ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஜி.எஸ்.டி. தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்தாளரின் விவரத்தில் ஈ-மெயிலை மாற்றினோம். இந்தத் திருத்தத்துக்கு அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. புதிய விலாசத்துக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைப் போட்டால் முடிந்தது. பிறகு பேங்க், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், இன்சூரன்ஸ். பழைய விலாசத்தை உடனே மூடிவிட வேண்டாம். அதில் வருவதெல்லாம் புதியதற்குத் திரும்பும்படி செய்து ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். மறந்துபோன எவராவது தீபாவளி வாழ்த்தோடு பாக்கி விவரமும் அனுப்புவார்கள்.

பெயரைப் புதுப்பிக்கும் தேதி இருக்கிறதே, அது தப்பினால் மேலே சொன்ன அத்தனையும் வீண். கெடு முடிந்து சலுகை நாளும் கடந்தால் அந்தப் பெயரை வேறு எவரும் வாங்கலாம். வாங்கினால் நமக்கு வரும் கடிதம் அவர் வாசலைத் தட்டும். நமது மண்டியில் தராசு முத்திரைத் தேதியும் லைசென்ஸ் தேதியும் எழுதி வைத்திருக்கும் பலகையிலேயே இதையும் எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் கட்ட வேண்டும் என்பதில்லை; 10 வருஷம் வரை ஒரே தடவையில் கட்டிவிடலாம்.